விரல் நுனியில் ஒரு கைகாட்டி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

எனக்கு முன்னர் இம்மேடையில் பேசியோர் கம்பனையும் இளங்கோவையும் பற்றி இனிக்க இனிக்கப் பேசினர். நானோ இரயில்வே சரக்கு அலுவலகத்தில் ஏடு எழுதும் எழுத்தன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதோடு என் பள்ளிப் படிப்பு நின்றது. மருத்துவம் பயின்றவன் அல்லேன். ஆகவே இன்று நான் கூறவிருப்பது மருத்துவரின் அறிவுரைக்கு ஈடாகாது. குடும்பத்தான் ஒருவன் படித்தும் கேட்டும் அறிந்துகொண்ட செய்திகளைத் தன் மக்களோடு பகிர்ந்துகொள்கிறான் என்று கருதிச் செவிசாய்க்க வேண்டுகிறேன்.

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் பலருடைய வீட்டில் இருக்கிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளில், கொரோனா கொடுமையின்போது, கேட்ட விலை கொடுத்து நாம் வாங்கிய சின்னஞ்சிறு கருவி அது. விரலைக் கவ்விக்கொண்டு இரண்டு எண்களைக் காட்டும். மருத்துவர்கள் அதனைப் பல்ஸ் ஆக்சிமீட்டர் என்பர். இன்று அது தைலப் புட்டிக்கும் பழைய மூக்குக் கண்ணாடிக்கும் நடுவே, பாட்டரி தீர்ந்து, அலமாரியில் உறங்குகிறது. கொள்ளைநோய் போய்விட்டது, இனி இது எதற்கு என்று எண்ணுகிறோம். அக்கருவி கொரோனாவுக்காகப் பிறந்தது அன்று. கொரோனாவோடு அதன் பணி முடிந்ததும் அன்று. அதனை எழுப்பி, அதன் மொழியை நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அன்பர்களே! முதலில் அது எதனை அளக்கிறது என்பதைக் காண்போம். நான் அறிந்த உவமை சரக்கு வண்டிதான். நம் குருதியில் ஓடும் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் பொருள் உள்ளது. ஓர் அணுவில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உண்டு என்பர். ஒவ்வொன்றும் ஒரு வாகன். ஒவ்வொரு வாகனிலும் நான்கு மூட்டை பிராணவாயு ஏற்றலாம். நுரையீரல் என்பது சரக்கு ஏற்றும் நிலையம். மூளையும் இதயமும் தசையும் சரக்கு இறக்கும் நிலையங்கள். சரக்கு ஏற்றிய குருதி செக்கச்செவேலென்று இருக்கும்; சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் குருதி கருமை கலந்த சிவப்பாக இருக்கும். நுரையீரலை விட்டுப் புறப்பட்டுச் செல்லும் வண்டியில் நூற்றுக்கு எத்தனை இடத்தில் மூட்டை ஏறியிருக்கிறது என்பதே அக்கருவி காட்டும் எண். மற்றோர் எண், நிமிடத்திற்கு இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்பது.

தோலைக் கீறாமல், ஒரு துளி குருதியும் எடுக்காமல் இதனை எங்ஙனம் அளக்கிறது? கருவியின் ஒருபுறம் இரண்டு ஒளிகள் உள்ளன. ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பெரும்பாலான கருவிகளில் அவற்றின் அலைநீளம் 660, 940 நானோமீட்டர். சரக்கு ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை மிகுதியாக விழுங்கும். சரக்கு இல்லாதது சிவப்பை மிகுதியாக விழுங்கும். விரலின் மறுபுறம் வந்து சேரும் ஒளியை அளந்து, இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால் விடை கிடைக்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. விரலில் தமனிக் குருதி மட்டுமா இருக்கிறது? எலும்பும் தசையும் தோலும் சிரைக் குருதியும் இருக்கின்றனவே. அவையும் ஒளியை விழுங்குமே! அவற்றைக் கழிப்பது எப்படி?

இச்சிக்கலை அவிழ்த்தவர் ஜப்பான் நாட்டுப் பொறியாளர் தகுவோ அவோயாகி. 1936இல் நீகாதா மாநிலத்தில் பிறந்தவர். நிஹோன் கோடன் என்னும் நிறுவனத்தில் பணியாற்றியவர். அவர் முதலில் தேடியது வேறொன்று. குருதியிற் சாயம் செலுத்தி, காதின் வழியே ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு குருதியை இறைக்கிறது என்று அளக்க முயன்றார். நாடித் துடிப்பு ஒவ்வொரு முறையும் குறுக்கிட்டு அவருடைய கோட்டை அலை அலையாகக் கெடுத்தது. அந்த இடையூற்றை நீக்க முயன்றபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. எலும்பும் தோலும் துடிப்பதில்லை. தமனிக் குருதி ஒன்றே துடிக்கிறது. ஆகவே ஒளியில் துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்து எடுத்தால் அது தமனிக் குருதியின் செய்தி ஆகும்! எதனை இடையூறு என்று விலக்க முயன்றாரோ அதனையே வழியாகக் கொண்டார். 1974இல் இதனை வெளியிட்டார். 1980களில் அறுவை அரங்குகளில் இக்கருவி புகுந்து, உலகெங்கும் பரவியது. அவோயாகி 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் மறைந்தார். உலகத்தின் ஒவ்வொரு நாட்டிலும் மக்கள் அவருடைய கருவியைத் தேடி மருந்துக்கடை வாயிலில் நின்ற நேரம் அது.

நம் சித்த மருத்துவர்கள் நோயை அறிய எண்வகைத் தேர்வு வகுத்தனர். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என்பன அவை. இக்கருவி அவ்வெட்டினுள் இரண்டை ஒருங்கே பார்க்கிறது: நாடியைப் பார்க்கிறது; நாடியில் துடிக்கும் குருதியின் நிறத்தைப் பார்க்கிறது. முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேச இதனைக் கூறவில்லை. நிறத்தை வெறுங் கண்ணால் காண்பது எத்துணை அரிது என்பதைக் கூறவே வந்தேன். 1947இல் காம்ரோ, போடெல்ஹோ என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் இதனைச் சோதித்தனர். பிராணவாயு 80 விழுக்காட்டளவுக்கு இறங்கும்வரை, உடலில் நீலம் பாய்ந்திருக்கிறது என்று பார்த்தவர்களுள் பெரும்பாலோரால் உறுதியாகக் கூற இயலவில்லை. உதட்டையும் நகத்தையும் பார்த்துக்கொண்டு மயக்க மருந்து கொடுத்த அக்காலத்தில் எத்தனை பேர் காக்கப்படாமல் போயினரோ! இன்று உலக சுகாதார நிறுவனம் 2008இல் வகுத்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், நோயாளியின் உடலில் ஆக்சிமீட்டர் பொருத்தப்பட்டு இயங்குகிறதா என்பதும் ஒரு கேள்வியாக இடம்பெற்றுள்ளது.

இனி எண்ணின் பொருளைக் காண்போம். நலமுடையோர்க்கு அது பெரும்பாலும் 95 முதல் 100 வரை இருக்கும். 94க்குக் கீழ் இறங்கி அங்கேயே நின்றால் மருத்துவரை நாட வேண்டும். 90க்குக் கீழ் என்றால் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். "நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் நல்ல மதிப்பெண் ஆயிற்றே!" என்று பள்ளிக் கணக்குப் போடும் அன்பர்கள் உளர். அது தேர்வு மதிப்பெண் அன்று. நம் மைசூர்க் கோட்டத்து இருப்புப்பாதையையே எண்ணிப் பாருங்கள். ஹாசனிலிருந்து சக்லேஷ்பூர் வரை வண்டி மேட்டு நிலத்தில் அமைதியாகச் செல்கிறது. அதன்பின் சுப்ரமண்யா சாலை வரை 55 கிலோமீட்டர் மலைச்சரிவு; ஐம்பதுக்கு ஒன்று என்னும் இறக்கம். நம் உடலும் அத்தகையதே. குருதியில் பிராணவாயுவின் அழுத்தம் 100 மில்லிமீட்டரிலிருந்து 60க்கு வீழும்போது, கருவியின் எண் ஏறத்தாழ 98இலிருந்து 90க்குத்தான் வரும். பார்வைக்குச் சிறு குறைவு. உள்ளேயோ நுரையீரல் பெரும் இழப்பை அடைந்துவிட்டது. தொண்ணூறு என்பது சக்லேஷ்பூர். அதற்குப்பின் அழுத்தம் சிறிது குறைந்தாலும் எண் சரசரவென்று இறங்கும். தடை போட வேண்டிய இடம் சரிவின் தலைப்பே அன்றி அடிவாரம் அன்று.

"மூச்சு முட்டினால் நமக்கே தெரியாதா? கருவி எதற்கு?" என்று வினவலாம். தெரியாமலும் போகும் என்பதே 2020ஆம் ஆண்டு உலகம் கற்ற கசப்பான பாடம். நமக்கு மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் பிராணவாயுவின் குறைவு அன்று, கரியமிலவாயுவின் மிகுதியே. கொரோனா நோயாளிகள் பலருக்குக் கரியமிலவாயு தடையின்றி வெளியேறியது; பிராணவாயு மட்டும் ஓசையின்றிக் குறைந்தது. ஆகவே திணறல் இல்லை, எச்சரிக்கை இல்லை. 2021ஆம் ஆண்டு மே மாதம் நம் காலனியில் ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒன்றுமில்லை அம்மா; காப்பி மட்டும் கொடு" என்றார். மருமகள் காப்பியோடு கருவியையும் கொண்டுவந்து விரலில் மாட்டினார். எண் 84. விரலை மாற்றிப் பார்த்தார், 83. அன்றே அவரைச் சேர்த்தனர். பதினாறு நாட்களில் இல்லம் திரும்பினார். அப்பெரியவர் இந்த அவையிலும் இருக்கிறார். தம் பெயரைச் சொல்லலாகாது என்பது அவர் கட்டளை.

இக்கருவி ஒரு வீட்டிற்கு மட்டுமன்றி ஓர் ஊருக்கே பயன்பட்ட கதையும் உண்டு. அதுவும் நம்மைப் போல் பிழைப்புத் தேடி வந்த தமிழர் வாழும் ஊர். பம்பாயின் தாராவியை அறியாத தமிழர் யார்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்குச் சென்றோர் அங்கே தலைமுறைகளாகக் குடியிருக்கின்றனர். இரண்டரைச் சதுரக் கிலோமீட்டர் அளவிற்குள் பல லட்சம் மக்கள். பலருக்கு ஒரே பொதுக் கழிப்பறை. 2020 ஏப்ரல் 1ஆம் நாள் அங்கே முதல் நோயாளி கண்டறியப்பட்டார். இனித் தாராவி பிணக்காடாகும் என்று உலகம் அஞ்சியது. மாநகராட்சிப் பணியாளரும் அப்பகுதியில் தொழில் புரிந்த தனியார் மருத்துவர்களும் நோய் தங்களைத் தேடி வரும்வரை காத்திருக்கவில்லை. தாங்களே நோயைத் தேடிச் சென்றனர். சந்து சந்தாகச் சென்று வெப்பத்தை அளந்தனர். ஆக்சிமீட்டரால் பிராணவாயுவை அளந்தனர். குறைந்தோரைப் பிரித்து மருத்துவம் அளித்தனர். அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியின் பெயரைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். கருவி ஒன்றே காத்தது என்று நான் கூறமாட்டேன். தனிமைப்படுத்தலும் உணவு வழங்கலும் பரிசோதனையும் சேர்ந்தே காத்தன. ஆனால் யாரை முதலிற் காப்பது என்று சுட்டிய விரல்களில் அக்கருவியும் ஒன்று.

நம் மைசூரும் இக்கதையிற் புறத்தே நிற்கவில்லை. மருத்துவமனைப் படுக்கை அருகே நாடி, பிராணவாயு, குருதியழுத்தம் மூன்றையும் ஒரே திரையில் காட்டும் பொறிகளைப் பார்த்திருப்பீர்கள். லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தின் மருத்துவக் கருவிப் பிரிவு அத்தகைய பொறிகளை இவ்வூரில் செய்துவந்தது. 2012இல் அப்பிரிவை மைசூரின் ஸ்கேன்ரே நிறுவனம் ஏற்றது. 2020இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் நாட்டிற்கு 30,000 செயற்கைச் சுவாசப் பொறிகள் அளிக்க முற்பட்டபோது, அவற்றின் வடிவமைப்பில் துணைநின்றதும் அதே ஸ்கேன்ரேதான். சாமுண்டி மலையின் நிழலில் செய்த பொறிகள் எங்கெங்கோ மனிதர்க்கு மூச்சுக் காவல் நின்றன என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

பெருமையோடு துயரமும் கலந்தே வருகிறது. நம் ஊரிலிருந்து நஞ்சன்கூடு வழியே செல்லும் பாதை சாம்ராஜ்நகரில் முடிகிறது. அறுபது கிலோமீட்டர்த் தொலைவுதான். 2021 மே 2, 3ஆம் நாட்களில் அங்கே மாவட்ட மருத்துவமனையில் ஒரு நாளுக்குள் 24 நோயாளிகள் இறந்தனர். ஆக்சிஜன் தட்டுப்பாடு நாடெங்கும் பேச்சாயிற்று. அளக்கும் கருவி இருந்தும், அளந்து கண்ட குறையை நிறைக்கப் பொருள் இல்லையேல் என் செய்வது? எண் நமக்கு வழி காட்டும். வழியில் நடக்க அரசும் சமுதாயமும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். அவ்வாண்டு நம் இரயில்வே ஆக்சிஜன் வண்டிகளை ஓட்டியது. கர்நாடகத்திற்கான முதல் வண்டி டாட்டாநகரிலிருந்து 120 டன் திரவ ஆக்சிஜனுடன் மே 11ஆம் நாள் பெங்களூரு ஒயிட்ஃபீல்டு வந்தடைந்தது. சரக்கு ஏட்டில் எத்தனையோ பொருள்களின் பெயரை எழுதிய என் போன்ற எழுத்தர்க்கு, 'சரக்கு: மூச்சு' என்று எழுதத் தோன்றிய நாட்கள் அவை.

கிடைக்கும் ஆக்சிஜனை வீணாக்காமல் காக்கவும் இவ்வளவையே துணை. உயர்ந்த பனிமலைகளில் நிற்கும் படைவீரர்க்காகப் பெங்களூருவிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் 'ஆக்சிகேர்' என்னும் அமைப்பை உருவாக்கியிருந்தது. அது வீரரின் பிராணவாயு அளவைப் பார்த்து, தேவையான அளவு மட்டும் ஆக்சிஜனைத் திறந்துவிடும். 2021 மே மாதம், 322.5 கோடி ரூபாய் மதிப்பில் 1,50,000 ஆக்சிகேர் அமைப்புகள் வாங்க ஒப்புதல் வழங்கப்பட்டது. படைவீரர்க்குப் பிறந்தது படுக்கையில் கிடந்தோர்க்கும் பயன்பட வந்தது.

கொரோனா நீங்கிய இந்நாளிலும் இக்கருவிக்குப் பணி உண்டு. பிறந்த குழந்தைக்கு ஒரு நாள் கழிந்தபின் வலக் கையிலும் ஒரு காலிலும் அளப்பர். எண் 95க்குக் குறைந்தாலோ, கைக்கும் காலுக்கும் மூன்றுக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ, பிறவி இதயக் கோளாறு இருக்கக்கூடும் என்று மேலும் ஆராய்வர். மார்ச்சளியால் வாடும் குழந்தையை வீட்டில் வைத்துப் பார்ப்பதா, மருத்துவமனைக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய உதவும். உறக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவோர்க்கு இரவு முழுதும் அளந்து பார்ப்பர். பீடி, சிகரெட்டால் நுரையீரல் நைந்த பெரியோர்க்கும் அளப்பர். ஆனால் அவர்களுட் பலருக்கு மருத்துவர் குறிக்கும் இலக்கு 88 முதல் 92 வரையே. 'நூறு ஆகட்டும்' என்று நாமாக ஆக்சிஜனை மிகுத்தால் அவர்களுக்குத் தீங்கு நேரலாம்.

அன்பர்களே! கைகாட்டி நமக்கு உயிர்க்காவல். ஆனால் பழுதான கைகாட்டி இல்லாத கைகாட்டியினும் கொடிது. இது இரயில்வேயில் கடைநிலை ஊழியரும் அறிந்த பாடம். ஆகவே இக்கருவி எங்கெங்கே பிழை காட்டும் என்பதை மறவாது கொள்ளுங்கள்.

மார்கழிக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் நாடி மெலிந்து எண் குறையும். கைகளைத் தேய்த்துச் சூடேற்றி, ஐந்து நிமிடம் அமர்ந்து, கையை ஆட்டாமல், எண் நிலைத்து நிற்கும்வரை ஒரு நிமிடமேனும் காத்திருந்து பாருங்கள். நகப்பூச்சும், கருக்க இட்ட மருதாணியும் ஒளியை மறிக்கக்கூடும். திருமண வீட்டுப் பெண்கள் பூச்சு இல்லாத விரலைத் தேர்க. கைபேசியில் விரல் வைத்தால் பிராணவாயு காட்டும் என்று பரப்பப்பட்ட செயலிகளை நம்பாதீர். அவற்றுள் போலிகள் கைரேகையையும் பிற செய்திகளையும் திருடக்கூடும் என்று உள்துறை அமைச்சகத்தின் இணையக் காவல் பிரிவே 2020இல் எச்சரித்தது.

அடுத்தது நிறம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனிக் குருதியை எடுத்து நேரே சோதித்தனர். கறுப்பினத்தாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேருக்கு உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையருள் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாகவே அங்ஙனம் இருந்தது. தோலின் கருமை ஒளியை விழுங்கி, கருவியை ஏமாற்றுகிறது. கருமை நம் அழகு. அதில் நமக்குக் குறைவில்லை. ஆனால் நம் நிறத்தோரிடம் எண் 93, 94 என்று விளிம்பில் நின்றால், அதனை முழுதும் நம்பி அமைதி கொள்ளலாகாது. நலமாக இருக்கும் நாளிலேயே ஒவ்வொருவரும் தம் எண்ணை அறிந்து வைத்திருங்கள். 98 இருந்தவர்க்கு 94 வருவது செய்தி.

மூன்றாவது மிகக் கொடியது. காற்றோட்டமில்லாக் குளியலறையில் கேஸ் கீசர் எரியும்போதும், மூடிய அறையில் கரியடுப்பு வைக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. கேஸ் கீசரால் நேர்ந்த மரணச் செய்திகளைக் கர்நாடகத்து நாளேடுகளில் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்நச்சு வாகன்களில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குருதியையும் செக்கச்செவேலென்று ஆக்குகிறது. இரண்டே ஒளிகள் உள்ள நம் கருவி மூட்டைக்குள் இருப்பது நெல்லா நஞ்சா என்று பிரித்தறியாது. சாகக் கிடப்பவர்க்கும் 98 காட்டும். குளியலறையில் மயங்கியவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். அங்கே எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள்.

நான்காவது இரத்தசோகை. வண்டியில் நூற்றுக்கு எத்தனை இடம் நிரம்பியது என்றுதான் கருவி சொல்லும். வண்டியில் வாகன்கள் எத்தனை என்று சொல்லாது. நாற்பது வாகன் கோத்த வண்டியும் இருபது வாகன் கோத்த வண்டியும் நிரம்பியிருந்தால் இரண்டுக்கும் நூறுதான்! ஆனால் போய்ச் சேரும் சரக்கு பாதி அன்றோ? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். ஆதலால் படியேறினால் இளைக்கிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லும் பெண்ணிடம், "கருவியில் 99 காட்டுகிறதே, உனக்கு என்ன குறை?" என்று கேட்பது அறியாமை. அவருக்கு வேண்டியது குருதிச் சோதனை.

தாய்மார்களே! இங்கே உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் நம் காலனியின் ஒரு வீட்டில் நாள்தோறும் காலையும் மாலையும் அளந்து எழுதிய நோட்டுப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். தாத்தா, அப்பா, மூத்தவன், இளையவள் என்று நான்கு பத்திகள். எண்கள் அச்சடித்தாற் போன்ற அழகிய எழுத்தில் இருந்தன. எழுதியவர் அவ்வீட்டுத் தாய். அவருக்கென்று பத்தி இல்லை. எல்லோருக்கும் கஞ்சி வைத்து, கஷாயம் வைத்து, எல்லோர் விரலையும் பிடித்து அளந்தவர் தம் விரலை அளக்கவில்லை. அடுக்களையில் சாய்ந்த பிறகே மற்றவர் அவருடைய விரலை நாடினர். நான்கு பத்தியினரும் பிழைத்தனர், அவர் பிழைக்கவில்லை. அவர்களைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் நிகழக்கூடியதே அது. இனி நம் இல்லங்களில் எந்த ஏட்டிலும் முதற் பத்தி தாயினுடையதாக இருக்கட்டும்.

இறுதியாக, அயல் மாநிலத்தில் வாழும் நமக்கென ஒரு சொல். நம்மிடையே கன்னடம் சரளமாக வாராத முதியோர் உளர். நோய் வந்த வேளையில் தம் துன்பத்தை மருத்துவரிடம் எடுத்துரைக்க நா எழாது. 'உசிரு' என்று தமிழன் பேச்சு வழக்கில் உயிரைச் சொல்கிறான். அதே சொல்லைக் கன்னடியர் மூச்சுக்குச் சொல்கின்றனர். ஒரே தாயின் இரு மக்கள் போன்ற மொழிகள்! "உசிராடோக்கெ கஷ்ட ஆக்திதெ" என்னும் ஒரு தொடரை நம் பாட்டிமார் கற்றுக்கொள்ளட்டும்: மூச்சு விடக் கடினமாயிருக்கிறது என்பது அதன் பொருள். அதனோடு நேரம் குறித்து எழுதிய எண்களின் தாளையும் நீட்டினால் போதும். எண்ணுக்குத் தமிழ், கன்னடம் என்னும் வேற்றுமை இல்லை. நேற்று 97, இன்று காலை 94, மாலை 91 என்னும் மூன்று எண்கள், அரைமணி நேரப் பேச்சினும் தெளிவாக மருத்துவர்க்கு உரைக்கும்.

ஆகவே சங்கத்திற்கு என் விண்ணப்பம் இது. நம் நூலகத்தில் நல்ல ஆக்சிமீட்டர் மூன்று வாங்கி வைப்போம். நூலை இரவல் தருவது போலவே கருவியையும் தருவோம். பாட்டரியையும் மாதந்தோறும் சோதிப்போம். ஆண்டுக்கு இருமுறை மருத்துவர் ஒருவரை அழைத்து அதனைக் கையாளும் முறையை அனைவரும் கற்போம். துணையின்றித் தனித்து வாழும் முதியோர் வீட்டிற்கு இளைஞர் இருவர் வாரம் ஒருமுறை சென்று வரட்டும். எண்ணை அளக்கும் சாக்கில் அம்முதியோரோடு பத்து நிமிடம் தமிழ் பேசவும் வாய்க்கும். எண் நன்றாக இருந்து ஆள் வாடியிருந்தால் ஆளையே நம்பட்டும், மருத்துவரை அழைக்கட்டும்.

கைகாட்டி வண்டியை நிறுத்துவதில்லை. கைகாட்டியைக் கண்ட மனிதனே நிறுத்துகிறான். விரல் நுனியில் எரியும் அச்சிறு சிவப்பொளியைக் கண்டு, காலத்தில் எழுந்து செயற்படும் மக்களாக நாம் இருப்போமாக.